ரசமட்டம் நடுவில் நின்ற இரவுகள்: பாலிக் புலாவில் ஒரு நெபுலாப் படப்பிடிப்பின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்தில், பாலிக் புலாவ் வட்டாரத்து வயல்வெளியை ஒட்டிய ஒரு கம்பத்து (கிராமத்து) வீட்டு முற்றத்தில், ஜனவரியின் கடைசி வாரத்திலிருந்து பிப்ரவரி முடியும் வரை நடந்ததை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். இதில் மூவர் வருகிறோம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் பராமரிப்புத் தொழில்நுட்பராக வேலை செய்யும் அவருடைய தங்கை மகன். பல ஆண்டுகளாக இந்தப் பொழுதுபோக்கில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் விடை தெரியும் என்று கருதப்பட்ட நான். ஆசிரியரின் அனுமதியுடன், பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

ஆசிரியர் படமெடுக்க விரும்பியது ரோசெட் நெபுலா என்னும் ஒளிரும் வாயு மேகம். திருவாதிரை என்று நாம் அழைக்கும் செந்நிற நட்சத்திரத்துக்குக் கிழக்கே, கையை நீட்டி முஷ்டியை மூடினால் எவ்வளவு அகலமோ ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில் அது இருக்கிறது. நம்மிடமிருந்து சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவு. வானில் அதன் விட்டம் ஒரு பாகைக்கு மேல். முழுநிலா இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அதன் அகலத்தை நிரப்ப முடியாது. இவ்வளவு பெரியது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம் அதன் மங்கல். நடுவிலுள்ள என்ஜிசி 2244 என்னும் இளம் நட்சத்திரக் கூட்டத்தின் புற ஊதாக் கதிர்கள் சுற்றிலுமுள்ள ஹைட்ரஜனை அயனியாக்க, அது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் சிவப்பாக ஒளிர்கிறது. இருளுக்குப் பழகிய மனிதக் கண் ஏறக்குறைய குருடாக இருக்கும் பகுதி அது. கேமராவின் உணரியைப் பல மணி நேரம் திறந்து வைத்தால்தான் அந்த ஒளி சேரும்.

பாலிக் புலாவைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பினாங்கு மலைத்தொடர் கிழக்கே சுவராக நின்று ஜார்ஜ் டவுனின் ஒளியைப் பெருமளவு மறைக்கிறது. மேற்கே மலாக்கா நீரிணை. பினாங்கில் ஜனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டமும் அப்போது கிடையாது. மேலும், ரோசெட்டின் நடுவரை விலக்கம் (வான நடுவரைக்கு வடக்கே அது இருக்கும் கோணம்) ஏறத்தாழ +5 பாகை, பாலிக் புலாவின் அட்சரேகை 5.3 பாகை. அதாவது, அது நேர் உச்சந்தலைக்கு மேலே கடந்து போகும். காற்றின் மிக மெல்லிய தடிமன் வழியாக அதைப் படமெடுக்கலாம். ஐரோப்பியர்கள் பொறாமைப்படும் அந்த வசதியே பின்னர் எங்களுக்கு ஒரு தொல்லையையும் தந்தது.

## கருவிகள்

80 மில்லிமீட்டர் திறப்பும் 400 மில்லிமீட்டர் குவியத்தூரமும் கொண்ட ஒளிவிலகல் தொலைநோக்கி. சோனியின் ஐஎம்எக்ஸ்533 உணரி பொருத்திய, குளிரூட்டப்படும் வண்ணக் கேமரா. ஹைட்ரஜன் ஆல்பாவையும் இருமுறை அயனியான ஆக்சிஜனின் 500.7 நானோமீட்டர் கோட்டையும் மட்டும் விடும் இரட்டைக் குறும்பட்டை வடிகட்டி. சிறிய வழிகாட்டித் தொலைநோக்கி. உணரியின் பிக்சல் 3.76 மைக்ரான் என்பதால் ஒரு பிக்சலுக்கு 1.94 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு), ஒரு பிரேமின் பரப்பு பக்கத்துக்கு 1.6 பாகை. ரோசெட் அதில் அளவாக உட்காரும். இவை எல்லாம் ஆசிரியர் இரண்டு ஆண்டுகளில் சிறுகச் சிறுக வாங்கியவை.

தொலைநோக்கியைத் தாங்கி, வானத்தின் சுழற்சிக்கு ஏற்பத் திருப்பும் மவுண்ட் மட்டும் பழையது. கோலாலம்பூரில் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கியது. அவர் கொடுத்த பெட்டியில், தடித்த பலகையில் ஆப்புப் போல அறுத்து, நடுவில் ஓட்டை போட்ட ஒரு மரத்துண்டும் இருந்தது. அது எதற்கென்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆசிரியரின் அக்காள் வீட்டில் சமையற்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அது முட்டுக்கட்டையாகப் பயன்பட்டது.

## முதல் இரவு

சீனப் புத்தாண்டு அமாவாசையை ஒட்டி வருவது. அதற்கு நான்கு நாள் முன்பு வானம் தெளிந்திருந்ததால் ஆசிரியர் தொடங்கிவிட்டார். அவருடைய குறிப்பேட்டில் அன்றைய பணிகள் ஒழுங்காகப் பதிவாகியிருக்கின்றன. முக்காலியை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வைத்து, ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நிற்கும்வரை மூன்று கால்களையும் சரி செய்தார். அட்சரேகைத் திருகாணியை இனி இறங்காது என்னும்வரை இறக்கினார். துருவ நட்சத்திரம் இங்கே தொடுவானிலிருந்து ஐந்து பாகை உயரத்தில்தான் இருக்கும். தென்னந்தோப்பும் ஈரமூட்டமும் அதை மறைத்துவிடும். எனவே துருவத் தொலைநோக்கியால் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மாற்றாக, உச்சிக்கோட்டுக்கு (தெற்கிலிருந்து தலைக்கு மேலாக வடக்கே செல்லும் கோடு) அருகிலுள்ள ஒரு நட்சத்திரம் மேலோ கீழோ விலகுகிறதா என்று பார்த்து மவுண்டைக் கிழக்கு மேற்காகத் திருப்பிச் சரிசெய்யும் நகர்வு முறையைக் கையாண்டார். அரை மணி நேரத்தில் விலகல் ஏறக்குறைய நின்றுவிட்டது.

இந்த நகர்வு முறைக்கு இரண்டாம் பாதி ஒன்று உண்டு. கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக இருக்கும் நட்சத்திரத்தைப் பார்த்து, அச்சின் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும். கிழக்கே மலை, மேற்கே தென்னை. முதல் பாதி நன்றாக வந்துவிட்டதாலும் உயரத்தை அளவுகோலில் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது என்று நம்பியதாலும் அவர் அதைத் தவிர்த்தார். அவர் நிலையில் நானும் தவிர்த்திருப்பேன்.

இரவு 8.55 முதல் 11.15 வரை, ஒவ்வொன்றும் 300 விநாடி கொண்ட 28 பிரேம்கள் கிடைத்தன. கைடிங் பிழை, அதாவது வழிகாட்டி நட்சத்திரம் தன் இடத்திலிருந்து விலகிய அளவு, சராசரியாக 1.1 வில்விநாடி; பழைய மவுண்டுக்கு இது பாராட்டத்தக்க எண். திரையில் முதல் பிரேம் வந்தபோது நடுவிலுள்ள நட்சத்திரக் கூட்டம் ஊசிமுனை போல இருந்தது. மூலைகளில் ஒவ்வொரு நட்சத்திரமும் நகக்கீற்றுப் போலச் சற்று வளைந்து நீண்டிருந்தது.

## என் தவறான ஆலோசனை

மறுநாள் காலை ஆசிரியர் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு படத்தை அனுப்பி, "அண்ணே, மூலையெல்லாம் இழுத்திருக்கு, என்னன்னு பாருங்க" என்று கேட்டிருந்தார். புலனம் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அவர் அனுப்பியதும் வலப்பக்க மேல் மூலையை மட்டும் வெட்டி எடுத்த துண்டு. நான் காலை உணவுக் கடையில் உட்கார்ந்தபடி, விரலால் பெரிதாக்கிப் பார்த்து, படத்தை விளிம்புவரை கூர்மையாக்கும் சமதளப்படுத்தும் வில்லைக்கும் உணரிக்கும் இடையிலுள்ள தூரம் 55 மில்லிமீட்டருக்கு வரவில்லை என்று தீர்ப்பு வழங்கினேன். அரை மில்லிமீட்டர் வளையம் ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன்.

மூலையில் நட்சத்திரம் நீண்டால் பத்தில் எட்டு முறை அந்தத் தூரம்தான் காரணமாக இருக்கும் என்பது என் அனுபவம். ஆனால் அந்தக் குறைபாட்டில் நட்சத்திரங்கள் பிரேமின் நடுவை நோக்கி, சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல நீளும், அல்லது நடுவைச் சுற்றி எல்லா மூலைகளிலும் ஒரே அளவில், பிரேமுக்குப் பிரேம் மாறாமல் நிற்கும். வானப்புலம் சுழல்வதால் வரும் நீட்சி வேறு. அது வழிகாட்டி நட்சத்திரத்தை மையமாகக் கொண்ட வட்டத்தின் துண்டு. பிரேமை ஐந்து நிமிடத்துக்குப் பதில் ஒரு நிமிடத்துக்கு எடுத்தால் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஒரு மூலையை மட்டும் பார்த்தவனுக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை. முழு பிரேமையும் அதன் மூல வடிவில் கேட்டிருக்க வேண்டும். ஒரு நிமிடப் பிரேம் ஒன்றும் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை.

## இரண்டாம், மூன்றாம் இரவுகள்

இரண்டாம் இரவில் வளையம் சேர்த்தும் மூலைகள் மாறவில்லை. அதோடு புதிதாக ஒன்றும் தென்பட்டது: பிரேமின் நடுவில், விரல் நகம் பட்ட கண்ணாடி போல ஒரு சாம்பல் படலம், மணிக்கு மணி பெரிதாகிக்கொண்டு வந்தது. இதை நான் கேட்டவுடன் புரிந்துகொண்டேன். ஆசிரியர் உணரியை −10 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்திருந்தார். வெளியே 27 பாகை, வயற்காட்டு ஈரம். அந்த 37 பாகை வேறுபாட்டை உருவாக்கக் குளிரூட்டி நூறு விழுக்காடு ஆற்றலில் ஓடிக்கொண்டிருந்தது. உணரி அறையினுள் இருக்கும் ஈரமுறிஞ்சி மாத்திரைகள் இந்த ஊர்க் காற்றில் சில மாதங்களிலேயே நிறைந்துவிடுகின்றன. பிறகு உள்ளே மிச்சமிருக்கும் ஈரம், இருப்பதிலேயே குளிர்ந்த இடமான உணரியின் மேல் உறைகிறது.

மூன்றாம் இரவு புத்தாண்டுக்கு முந்திய இரவு. பதினொரு மணிக்கே வாணவேடிக்கை தொடங்கிவிட்டது. நள்ளிரவுக்குப் பின் வெடிமருந்துப் புகை வயலின் மேல் போர்வை போல் படிந்தது. பெட்டியை மூடினார்கள். இந்த நாட்டில் நெபுலா எடுப்பவனின் நிலை இதுதான்: சீனப் புத்தாண்டு அமாவாசையில், தீபாவளி அமாவாசையில், நோன்புப் பெருநாள் பிறை கண்ட மறுநாள். இருண்ட இரவுகளில் பாதிக்கு ஏதோ ஒரு வீட்டில் பட்டாசு உண்டு. தைப்பூசம் ஒன்றுதான் முழுநிலவில் வந்து நமக்கு இடைஞ்சல் இல்லாமல் இருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஆசிரியர் மனம் தளர்ந்திருந்தார். மவுண்ட் பழையது என்பதால்தான் இந்தக் கோளாறு என்று முடிவு செய்து, புதிய ஒன்றைத் தவணையில் வாங்க விலை கேட்டிருந்தார். ஏழாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் தொகை. நிலா வளர்பிறையில் இருந்ததால் எப்படியும் இரண்டு வாரம் படமெடுக்க முடியாது. அதுவரை பணம் கட்ட வேண்டாம், தைப்பூசம் முடிந்த மறுநாள் மூவரும் உட்கார்ந்து தரவுகளைப் பார்ப்போம் என்று கேட்டுக்கொண்டேன். இந்த நிகழ்வில் நான் எடுத்த முடிவுகளில் முதலில் உருப்படியானது இதுதான்.

## தரவுகள் சொன்னது

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலிலிருந்து காவடி பார்த்துத் திரும்பிய களைப்புடன் ஆசிரியரும் அவருடைய மருமகனும் அக்காள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இரவின் 28 பிரேம்களையும் மடிக்கணினியில் அடுக்கினோம். அடுக்கும் மென்பொருள் நட்சத்திரங்களை ஒன்றன் மேல் ஒன்று பொருத்தியபோது, பிரேம்களின் விளிம்புகள் சீட்டுக்கட்டை விரித்ததுபோல விசிறியாக நின்றன. முதல் பிரேமுக்கும் கடைசி பிரேமுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை பாகைச் சுழற்சி. கேமராவை யாரும் தொடவில்லை. இரண்டே கால் மணி நேரத்தில் வானப்புலம் இவ்வளவு சுழன்றிருக்கிறது என்றால் துருவ அச்சு பெரிய அளவில் விலகியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து கைடிங் பதிவேடு. டெக் அச்சுக்கு, அதாவது தொலைநோக்கியை வடக்கு தெற்காகத் திருப்பும் அச்சுக்கு, அனுப்பப்பட்ட திருத்தங்கள் எல்லாம் ஒரே திசையில் இருந்தன. அவற்றின் அளவு, ரோசெட் உச்சிக்கோட்டை நெருங்க நெருங்கக் குறைந்துகொண்டே வந்து, கடைசி பிரேம்களில் சொற்பமாகியிருந்தது. இந்த வடிவம் ஒரு கையெழுத்தைப் போன்றது. அச்சு கிழக்கு மேற்காக விலகியிருந்தால், நட்சத்திரம் உச்சிக்கோட்டில் இருக்கும்போது நகர்வு மிகுதியாக இருக்கும். அச்சின் உயரம் பிழையாக இருந்தால் நட்சத்திரம் கிழக்கில் இருக்கும்போது மிகுதியாகவும், உச்சிக்கோட்டில் பூச்சியமாகவும் இருக்கும். ஆசிரியர் சரிபார்த்த பாதி சரியாகவே இருந்தது. விட்டுவிட்ட பாதியில்தான் பிழை.

கைடிங் எண் நன்றாக இருந்தது எங்களை ஏமாற்றியதை இங்கே விளக்க வேண்டும். வழிகாட்டும் மென்பொருள் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து அதை அசையாமல் வைத்திருக்கிறது. அச்சு எவ்வளவு தவறாக இருந்தாலும், மோட்டார் ஈடுகொடுக்கும் வரை அந்த நட்சத்திரம் அசையாது. மற்ற வானம் அதைச் சுற்றி மெல்லச் சுழலும். அதேபோல, படத்தைக் கொண்டு வானில் தன் இடத்தைக் கண்டறியும் மென்பொருள், தொலைநோக்கி இலக்கைத் தவறவிட்டதைத் தானாகவே திருத்திவிட்டது. முன்பெல்லாம் மவுண்ட் இலக்கிலிருந்து நான்கைந்து பாகை தள்ளி நின்றால் உடனே சந்தேகம் வரும். இப்போது இரண்டு மென்பொருள்கள் சேர்ந்து அறிகுறியை மறைத்துவிடுகின்றன.

இவ்வளவும் பேசிக்கொண்டிருந்தபோது மருமகன் எழுந்து போய் மவுண்டை வராந்தாவுக்குத் தூக்கி வந்தார். கைபேசி விளக்கை அட்சரேகைத் திருகாணியின் அடியில் பிடித்துக் குனிந்து பார்த்தார். "மாமா, இது இறங்கி நிக்கல. முட்டி நிக்குது" என்றார். திருகாணிக்குக் கீழே மவுண்டின் வார்ப்பு உலோகத்திலேயே ஒரு விளிம்பு இருந்தது. தலை அதில் உட்கார்ந்ததும் மேற்கொண்டு இறங்காது. பக்கத்திலிருந்த அளவுகோலில் முள் காட்டியது 10. ஆசிரியர் இருட்டில், சிவப்பு விளக்கில், திருகாணி இறுகியதை வைத்து இடம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த மவுண்ட் 10 பாகைக்குக் கீழே போகும்படி வடிவமைக்கப்படவில்லை. பினாங்கும் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் அதைச் செய்தவர்களின் கணக்கில் வரவில்லை போலும். அப்போதுதான் எனக்குச் சமையற்கட்டுக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஆப்பைக் கொண்டுவரச் சொல்லி, கைபேசியின் சாய்வுமானியை அதன் மேல் வைத்தோம். கோலாலம்பூரின் அட்சரேகை 3 பாகை சொச்சம். ஆப்பின் சாய்வு 7 பாகை.

அன்றிரவே உறுதி செய்துகொண்டோம். முழுநிலாவின் மறுநாள் என்பதால் நெபுலாவுக்கு வாய்ப்பில்லை. ஆனால் மூன்று-புள்ளித் துருவச் சீரமைப்புக்கு நிலா தடையில்லை. வானத்தைத் தொடர்ந்து கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பும் வல ஏற்ற அச்சை மட்டும் திருப்பி, மூன்று இடங்களில் படமெடுத்து, ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளியையும் நட்சத்திரங்களை வைத்துக் கண்டுபிடித்தால், அந்த மூன்று புள்ளிகளும் அமையும் வட்டத்தின் மையமே மவுண்டின் துருவம். துருவத்தைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை என்பதால் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை. திரையில் வந்த விடை: உயரப் பிழை 4 பாகை 38 வில்நிமிடம்; திசைப் பிழை 9 வில்நிமிடம்.

இந்தப் பிழைக்கு ஐந்து நிமிடத்தில் வானப்புலம் சுமார் 0.1 பாகை சுழலும். பிரேமின் மையத்திலிருந்து மூலைக்கு 2,127 பிக்சல். கணக்குப் போட்டால் மூலையில் மூன்று பிக்சலுக்கு மேல் வில் விழ வேண்டும். ஆசிரியர் திரையில் பார்த்த நகக்கீற்றின் நீளமும் அவ்வளவே.

## எடுத்த முடிவுகள்

மவுண்டின் அச்சை நான்கரை பாகைக்குச் சற்று மேல் இறக்க எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. வார்ப்பு விளிம்பை அரத்தால் ராவுவது ஒன்று. மருமகனுக்கு அதில் ஆர்வம் இருந்தது, கருவிகளும் இருந்தன. ஆனால் ராவிய உலோகத்தை மீண்டும் ஒட்ட முடியாது என்பதாலும், உள்ளே அது எதைத் தாங்குகிறது என்று எங்களுக்குத் தெரியாததாலும் வேண்டாம் என்றேன். மர ஆப்பைப் பயன்படுத்துவது இரண்டாவது. அதை முக்காலிக்கும் மவுண்டுக்கும் இடையில் வைக்க நீளமான மையப் போல்ட் தேவை. பழைய உரிமையாளரிடமிருந்து அது வரவில்லை. மூன்றாவது, முக்காலியையே வடக்கு நோக்கிச் சாய்ப்பது.

மூன்றாவதைத் தேர்ந்தோம். முக்காலியின் பாதங்கள் 45 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் இருந்தன. வடக்குப் பாதத்துக்கும் மற்ற இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கும் இடையே 67.5 சென்டிமீட்டர். வடக்குப் பக்கத்தை ஐந்தரை சென்டிமீட்டர் தாழ்த்தினால் தேவையான சாய்வு கிடைக்கும். கால் சாய்வாக இருப்பதால் அதை ஆறு சென்டிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும்.

ஆசிரியருக்கு இதில் மனம் ஒப்பவில்லை. "முக்காலி மட்டமா இருக்கணும்னுதானே எல்லா வழிகாட்டியிலும் முதல் வரியே" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மட்டமாக இருந்தால் அளவுகோல் சொல்லும் எண் உண்மையாக இருக்கும், உயரத் திருகாணியும் திசைத் திருகாணியும் ஒன்றையொன்று பாதிக்காது. மட்டத்தின் பயன் அவ்வளவே. நட்சத்திரத்தைத் தொடர்வதற்கு வேண்டியது வல ஏற்ற அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருப்பது மட்டும்தான். முக்காலி எப்படி நிற்கிறது என்பது அந்த அச்சுக்குத் தெரியாது. எங்கள் மவுண்டைப் பொறுத்தவரை, குமிழ் நடுவில் நிற்கும் வரை பிழை நிச்சயம்.

சாய்ப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் துருவ அச்சு ஏறக்குறைய படுத்த நிலையில் இருப்பதால், தொலைநோக்கியின் பாரம் முழுவதும் வடக்கே துருத்தி நிற்கிறது. எனவே ஒரு கால் கண்டிப்பாக வடக்கே இருக்க வேண்டும். ஆனால் தொடக்க நிலையில் எடைத்தண்டு கீழே தொங்கும்போது அந்தக் காலிலேயே இடிக்கும். தண்டின் நுனியில் ஒரு எடை இருந்ததை மாற்றி, இரண்டு எடைகளை மேலே தலையை ஒட்டி வைத்து, மிச்சமான தண்டைக் கழற்றினோம். மின்கலப் பெட்டியைத் தெற்குக் கால்களுக்கு இடையே கட்டித் தொங்கவிட்டோம்.

கேமராவுக்கு 0 பாகை செல்சியஸ் என்று முடிவாயிற்று. ஒளி படாமலே உணரியில் சேரும் இருட்டு மின்னோட்டம் ஆறேழு பாகைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் இந்த உணரியில் அது முதலிலேயே மிகக் குறைவு, இந்த வானத்தின் பின்னணி ஒளி தரும் இரைச்சலோடு ஒப்பிட்டால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஈரமுறிஞ்சி மாத்திரைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தோம். பழைய வளையத்தையும் கழற்றிவிடச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

## நான்காம் இரவிலிருந்து

பிப்ரவரி இறுதியின் தேய்பிறையில் வானம் திறந்தது. சாய்ந்த முக்காலியில் உயரமும் திசையும் ஒன்றையொன்று இழுத்ததால் மூன்று-புள்ளிச் சீரமைப்பை மூன்று முறை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. எஞ்சிய பிழை 4 வில்நிமிடம். ஐந்து நிமிடப் பிரேமின் மூலையில் அது ஒரு பிக்சலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். 8.55க்கு முதல் பிரேம். நான்கு மூலைகளிலும் நட்சத்திரங்கள் வட்டமாக இருந்தன. ஆசிரியர் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் பிரேம் வந்த பிறகும் முதல் பிரேமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதரை மணி அளவில் மோட்டாரின் ஒலி மாறி, கைடிங் வரைபடம் திரையை விட்டு ஓடியது. உச்சிக்கு வரும் இலக்கைத் தொடரும்போது தொலைநோக்கி செங்குத்தாக நிற்கும். அதன் கீழ் முனையில் தொங்கும் கேமரா முக்காலியின் காலை ஒட்டி வரும். கேமராவின் மின்கம்பிச் செருகி மேற்குப் பக்கக் காலில் முட்டி நின்றிருந்தது. முதல் இரவில் ஆசிரியர் 11.15க்கே நிறுத்திவிட்டதால், பதினொன்றரைக்கு உச்சிக்கு வர இருந்த நெபுலாவை அவர் அந்த நிலையில் சந்தித்திருக்கவில்லை. கருவி எதுவும் உடையவில்லை; சீரமைப்பு மட்டும் கலைந்துவிட்டது. மீண்டும் தொடக்கத்திலிருந்து செய்து, 10.10க்குத் தொலைநோக்கியை மறுபக்கம் புரட்டி, இலக்கு மேற்கே சாயத் தொடங்கிய பின் தொடர்ந்தோம்.

அடுத்த இரவுகளுக்கு இதையே விதியாக்கினோம்: உச்சியைக் கடந்த பிறகே தொடங்குவது. இதனால் இரவுக்கு ஒரு மணி நேரம் இழப்பு. ஆனால் நடுவில் புரட்டும் வேலை கிடையாது, காலில் முட்டும் அச்சமும் கிடையாது. பிப்ரவரி இறுதியில் ரோசெட் முன்னிரவிலேயே உச்சியைக் கடந்துவிடுவதால் இந்த விலை கட்டுப்படியானது. டிசம்பரில் இப்படிச் செய்தால் பாதி இரவு போய்விடும். மேற்கே இலக்கு 36 பாகைக்குக் கீழே இறங்கியதும் நிறுத்தினோம். அதற்கும் தாழ்ந்தால் நீரிணையில் மீன்பிடிப் படகுகளின் பச்சை விளக்குகள் தரும் ஒளிச்சரிவு பிரேமின் ஒரு பக்கத்தைக் கெடுக்கிறது.

ஐந்தாம் இரவில் வழிகாட்டித் தொலைநோக்கியின் கண்ணாடியில் பனி படிந்து நாற்பது நிமிடம் வீணாயிற்று; முதன்மைத் தொலைநோக்கிக்குச் சூடேற்றும் பட்டை கட்டியவர்கள் சின்னதை மறந்துவிட்டோம். ஆறாம் இரவில் பாதிக்கு மேல் மேகம்.

## விளைவு

மூன்று இரவுகளில் முறையே 30, 26, 14 என 70 பிரேம்கள் தேறின. 5 மணி 50 நிமிட ஒளி. சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் பிரேம்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே உயரும் என்பதால், 28க்குப் பதில் 70 என்பது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான முன்னேற்றம்தான். கண்ணுக்குத் தெரிந்த முன்னேற்றம் அதைவிடப் பெரிது, ஏனென்றால் இம்முறை விளிம்புகளை வெட்ட வேண்டியிருக்கவில்லை. நெபுலாவின் வடமேற்கு இதழில், தூசு செறிந்த கரிய திட்டுகள் வரிசையாகப் போவது தெளிவாக வந்திருக்கிறது. அவற்றில் சில வருங்காலத்தில் நட்சத்திரங்களாகச் சுருங்கக்கூடும். நடுக்குழியில் ஆக்சிஜனின் நீலப்பச்சை எதிர்பார்த்ததைவிட வெளிறியே வந்தது. வடிகட்டி அனுமதிக்கும் அந்தப் பட்டைக்குள் தெருவிளக்குகளின் ஒளியும் கொஞ்சம் நுழைகிறது. இன்னும் பல மணி நேரம் சேர்த்தால்தான் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க முடியும்.

புதிய மவுண்ட் வாங்கப்படவில்லை. படம் இருபது அங்குலச் சதுரமாக அச்சாகி, பள்ளியின் அறிவியல் அறையில் தொங்குகிறது.

## மாற்ற வேண்டியவை

என் பக்கத்தில், சுருக்கிய படத்தை வைத்துக் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டேன். யார் கேட்டாலும் மூலக் கோப்பில் ஒரு முழு பிரேம், அதே புலத்தில் ஒரு நிமிடப் பிரேம், கைடிங் பதிவேடு ஆகிய மூன்றும் வந்த பிறகே பேசுகிறேன். இந்த மூன்றும் முதல் நாளே என் கையில் இருந்திருந்தால் இரண்டு இருண்ட இரவுகள் மிஞ்சியிருக்கும்.

ஆசிரியர் இப்போது ஒவ்வொரு இரவும் மூன்று-புள்ளி அளவீட்டின் விடையைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே முதல் பிரேமைத் தொடங்குகிறார். கைடிங் எண்ணை அதற்கு அடுத்த வரியில்தான் எழுதுகிறார். முக்காலியைப் பகலிலேயே வைத்து, தொலைநோக்கியை உச்சி நோக்கி நிறுத்தி, கேமராவின் கம்பிகள் எந்தக் காலில் முட்டுகின்றன என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிறார். இந்த அட்சரேகையில் மவுண்ட் வாங்க நினைப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன்: எடை தாங்கும் திறனைக் கேட்பதற்கு முன், எத்தனை பாகை வரை இறங்கும் என்று கேட்டு, கடையிலேயே இறக்கிப் பாருங்கள்.

சாய்ந்த முக்காலி நிரந்தரத் தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. பலத்த காற்றில் அது எப்படி நிற்கும் என்பதை நாங்கள் சோதிக்கவில்லை. அந்த மூன்று இரவுகளும் காற்று அடங்கியிருந்தன. மருமகன் தொழிற்சாலைக் கழிவிலிருந்து ஒரு அலுமினியத் துண்டை எடுத்து நாலரை பாகைக்கு ஆப்பு ஒன்றைக் கடைந்துகொண்டிருக்கிறார். நீளமான போல்ட்டும் கிடைத்துவிட்டது. அதுவரைக்கும் வடக்குக் காலில், உள்ளே தள்ள வேண்டிய அளவுக்கு, அக்காளின் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். மர ஆப்பு மீண்டும் சமையற்கட்டுக் கதவுக்கே போய்விட்டது.